நிறச் சுவரும் சாதிச் சுவரும்

வந்தேறிகள்! வாய் கூசாமல் வீசப்படும் சொல் இது. வீசுகிறவன் நாற்காலியில் சாய்ந்திருக்கிறான். அவன் அமர்ந்திருக்கும் வீட்டைக் கட்டியவன், அவன் தெருச் சாக்கடையைத் தூய்மை செய்தவன், அவன் தாயின் நோய்ப்படுக்கை அருகே இரவெல்லாம் கண்விழித்தவள் – இவர்கள் வந்தேறிகள்! இவர்களின் உழைப்பு வேண்டும், இவர்கள் வேண்டாம். கை வேண்டும், கைக்கு உரியவன் வேண்டாம். இந்த விந்தைக் கணக்கை உலகில் பல நாடுகள் போட்டுப் பார்த்தன. விடை எங்கும் சரியாக வந்ததில்லை.

அப்படிக் கணக்குப் போட்ட நாடுகளில் ஒன்று, நம்மை அடிமைகொண்டு ஆண்ட பிரிட்டன். வெளியிலிருந்து வந்து குடியேறுவோர் ஒரு சமுதாயத்தில் எதை மாற்றுகின்றனர், எதை மாற்றாமல் விட்டுவைக்கின்றனர் என்பதற்கு அந்நாட்டின் முக்கால் நூற்றாண்டு வரலாறு ஒரு பாடநூல். அந்தப் பாடநூலை நாம் புரட்டவேண்டும். வெள்ளையரைப் பழித்து மகிழவேண்டும் என்பதற்காக அன்று. அந்த நூலின் பின்பாதியில் எழுதப்பட்டிருப்பது நம் கதை!

அழைத்தது யார்?

1948 ஜூன் 22. டில்பரி துறைமுகத்தில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பலிலிருந்து மக்கள் இறங்கினர். கப்பலில் வந்தவர் 1,027 பேர். அவர்களுள் 802 பேர் கரீபியன் தீவுகளிலிருந்து புறப்பட்டவர். தச்சர் இருந்தனர், தையற்காரர் இருந்தனர், இயந்திரம் பழுது பார்ப்போர் இருந்தனர். உலகப் போரில் பிரிட்டனின் வான்படையில் பணிபுரிந்தோரும் இருந்தனர். கையேந்தி வந்தவர் அல்லர், கைத்தொழில் கற்று வந்தவர். கள்ளத்தனமாக நுழைந்தவரும் அல்லர். பிரிட்டிஷ் முடியின்கீழ் வாழும் மக்கள் என்ற உரிமையோடு வந்தவர். அதே 1948-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டம், பிரிட்டனில் பிறந்தவனுக்கும் அதன் குடியேற்ற நாடுகளில் பிறந்தவனுக்கும் குடியுரிமை ஒன்றே என்று எழுதிவைத்தது. அந்த எழுத்தை அவர்கள் நம்பினர். நம்பியதுதான் அவர்கள் செய்த ஒரே குற்றம்!

ஏன் வந்தனர்? போரில் பிரிட்டன் வென்றது; ஆனால் வெற்றி பெற்ற நாட்டின் வீடுகள் இடிந்து கிடந்தன, ஆலைகளில் ஆள் இல்லை. 1948 ஜூலை 5-ல் தேசிய மருத்துவப் பணி தொடங்கப்பட்டது. ஏழைக்கும் இலவச மருத்துவம் என்னும் ஏற்றமிகு திட்டம்! ஆனால் மருத்துவமனைக்குக் கட்டடம் மட்டும் போதுமா? செவிலியர் வேண்டும், மருத்துவர் வேண்டும். கரீபியன் தீவுகளிலிருந்து செவிலியர் வந்தனர். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் மருத்துவர் வந்தனர். 1956-ல் இலண்டன் போக்குவரத்து நிறுவனம் பார்படாஸ் தீவுக்கே ஆள் அனுப்பி, பேருந்துக்கும் இரயிலுக்கும் ஊழியரைத் தேர்ந்தெடுத்து அழைத்து வந்தது. வார்ப்பாலைகளின் அனலில் பஞ்சாபியர் நின்றனர். பிராட்ஃபோர்டு நூலாலைகளின் இரவு முறையில் பாகிஸ்தானியர் நின்றனர். வெள்ளைத் தொழிலாளி விட்டுச்சென்ற வேலை எதுவோ, அதுவே அவர்களுக்கு வாய்த்தது.

இன்னும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. 1958-ல் இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் மூண்டது. அதைக் கண்டு மனம் நொந்து நாட்டைவிட்டு வெளியேறினார் கொழும்பில் பிறந்த தமிழர் அ. சிவானந்தன். இலண்டன் வந்தார். வந்த இடத்தில் அவரை வரவேற்றது எது? நாட்டிங் ஹில் பகுதியில் கறுப்பு மக்களை வெள்ளை வெறியர் வீதி வீதியாகத் துரத்தியடித்த கலவரம்! ஒரு தீயிலிருந்து தப்பி மறு தீயில் கால்வைத்த அந்தத் தமிழர், பின்னாளில் இலண்டன் இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். 2018-ல் மறையும்வரை நிறவெறியை எதிர்த்து எழுதினார். எங்கள் நாடுகளுக்கு நீங்கள் வந்ததன் விளைவே உங்கள் நாட்டிற்கு நாங்கள் வந்தது என்பதே அவர் ஓயாமல் எடுத்துரைத்த உண்மை. கரும்புத் தோட்டத்திற்கும் பருத்திக்கும் தேயிலைக்கும் கப்பல் விட்டவன், அதே கடற்பாதையில் மனிதன் திரும்பி வரும்போது வியப்படையலாமா?

பிரிஸ்டல் தந்த பாடம்

வந்தவர்க்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்லவேண்டும். வாடகை வீட்டு வாயிலில், ‘நிறத்தவர்க்கு இடமில்லை’ என்னும் அட்டை தொங்கியது. அக்கிரகாரத்தில் அறிவிப்புப் பலகை தேவைப்பட்டதில்லை, தெருவே அறிவிப்பாக இருந்தது. அங்கே அட்டை தேவைப்பட்டது. வேறுபாடு அவ்வளவே!

பிரிஸ்டல் என்பது அடிமை வாணிகத்தால் கொழுத்த துறைமுக நகரம். 1963-ல் அந்நகரப் பேருந்துக் கம்பெனி, கறுப்பரையும் ஆசியரையும் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ அமர்த்த மறுத்தது. பேருந்தைக் கழுவலாம், பேருந்தில் சீட்டுக் கிழிக்கக் கூடாது! ஆள் இல்லை என்று கம்பெனி அலறிக்கொண்டிருந்த நேரம் அது. தகுதியுள்ள ஓர் இளைஞர்க்கு நேர்காணல் உறுதி செய்யப்பட்டது. அவர் ஜமைக்காவிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் நேர்காணல் நீக்கப்பட்டது. கறுப்பரைச் சேர்த்தால் வெள்ளையர் வேலையை விட்டுப் போய்விடுவர் என்பது கம்பெனி கூறிய சாக்கு. இதிலும் கொடுமை, தொழிலாளரின் தோழனாக இருக்கவேண்டிய தொழிற்சங்கத்தின் உள்ளூர்க் கிளையே இந்த நிறத்தடைக்குத் துணை நின்றது!

பால் ஸ்டீபன்சன் என்னும் இளைஞரும் நகரில் குடியேறியிருந்த கரீபியன் மக்களும் பேருந்தைப் புறக்கணிக்க அறைகூவினர். நடந்தனர், நாள்தோறும் நடந்தனர். கல்லூரி மாணவர் ஊர்வலம் வந்தனர். நான்கு திங்கள் கடந்து, 1963 ஆகஸ்டு 28-ல் கம்பெனி பணிந்தது. அதே நாளில்தான் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், வாஷிங்டன் நகரில் மார்ட்டின் லூதர் கிங் தம் கனவைக் கூறினார். அடுத்த திங்களில் பிரிஸ்டல் பேருந்தில் நடத்துநராக ஏறிய முதல் நிறத்தவர் யார் தெரியுமா? இரக்பீர் சிங் என்னும் சீக்கியர். கரீபியன் மக்கள் நடத்திய கிளர்ச்சி, கதவைத் திறந்தது. அந்தக் கதவின் வழியே முதலில் நுழைந்தவர் ஓர் இந்தியர். இந்தக் கடனை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் இதைப்பற்றிக் கேள்வி கேட்கப் போகிறோம்.

கற்றவர் மூட்டிய கனல்

அச்சத்தை விதைப்பவர் எப்போதும் கல்லாதவர் அல்லர். ஈனாக் பவல் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்தவர். 1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சர். குடியேறி வந்த மருத்துவரும் செவிலியரும் பணிபுரிந்த மருத்துவமனைகளுக்கெல்லாம் அவரே பொறுப்பாளர். அவர்தான் 1968 ஏப்ரல் 20-ல் பர்மிங்காம் நகரில் பேசினார், பழைய ரோமானியக் காவியத்தைத் துணைக்கழைத்து, குடியேற்றம் தொடர்ந்தால் குருதி பெருகும் என்று. மறுநாளே அவருடைய கட்சித் தலைவர் எட்வர்டு ஹீத் அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார். ஆனால் இலண்டன் துறைமுகத் தொழிலாளர், அந்தக் கனவான் பக்கம் நின்று பாராளுமன்றத்திற்கு ஊர்வலம் சென்றனர்! தங்களைச் சுரண்டுபவன் யார் என்று அறியாத உழைப்பாளி, தன்னைப்போல் உழைப்பவனைப் பகைவன் என்று எண்ணினான்.

ஏட்டுக் கல்வியும் நஞ்சும் ஒரே தலையில் குடியிருக்கக்கூடும் என்பது நமக்குப் புதிதன்று. மநுவை மனப்பாடம் செய்தவனும் மாபெரும் பண்டிதனே அல்லவா?

சட்டமும் அச்சத்திற்குப் பணிந்தது. 1962-ல் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் வந்தது. வேலைச் சீட்டு இருந்தால்தான் நுழைவு. 1968-ல் கென்யாவிலிருந்து இந்திய வழியினர் பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு வந்தபோது, மூன்றே நாட்களில் ஒரு சட்டம் நிறைவேற்றி, தாய் தந்தையோ பாட்டன் பாட்டியோ பிரிட்டனோடு பிறப்புத் தொடர்பு உடையவராக இருக்கவேண்டும் என்றனர். அதாவது, கடவுச்சீட்டு பேசாது, பாட்டன் பேசவேண்டும்! உன் தகுதி என்ன என்று கேட்காமல் உன் பிறப்பு என்ன என்று கேட்கும் சட்டத்தை நாம் எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறோம் அல்லவா? அங்கே அதற்குக் குடியேற்றச் சட்டம் என்று பெயர். இங்கே வருணதருமம் என்று பெயர்.

வகுப்பறையில் நாள்தோறும் நிற்கும் நம்மை இன்னொரு செய்தி மிகவும் சுடுகிறது. 1965-ல் பிரிட்டனின் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை விடுத்தது. எந்தப் பள்ளியிலும் குடியேறியோரின் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருத்தல் ஆகாது. மிகுதியானவரை வேறு பள்ளிகளுக்குப் பகிர்ந்தனுப்புக என்றது. சவுத்தால் பகுதியில் பஞ்சாபிக் குழந்தைகள் காலையில் பேருந்தில் ஏற்றப்பட்டுத் தொலைவிலுள்ள பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வெள்ளைக் குழந்தை எதுவும் அப்படி ஏற்றப்படவில்லை. வீட்டருகே பள்ளி இருந்தும் அங்கே படிக்க இடமில்லை. எழுத்துக் கற்பதற்கு முன்னரே அந்தப் பிஞ்சுகள் கற்ற பாடம், நாம் மிகுதியானவர் என்பது!

நகரம் மாறியது, சட்டம் பிறந்தது

இத்தனைக்குப் பிறகும் அம்மக்கள் போனார்களா? போகவில்லை. நின்றார்கள். நின்றதால் நாடு மாறியது. எப்படி என்பதைப் பார்ப்போம்.

1972-ல் உகாண்டாவில் இடி அமீன், ஆசியர்க்குத் தொண்ணூறு நாள் கெடு விதித்து வெளியேற்றினான். லெஸ்டர் நகராட்சி, உகாண்டா நாளேடு ஒன்றில் விளம்பரமே கொடுத்தது. எங்கள் ஊரில் வீடில்லை, பள்ளியில் இடமில்லை, எங்கள் ஊருக்கு வாராதீர் என்பது அதன் சாரம். ஆயினும் வந்தனர். கடை வைத்தனர், ஆலைகளில் உழைத்தனர், தெருக்களுக்கு உயிரூட்டினர். 2021-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் லெஸ்டர் நகரில் ஆசியர் 43.4 விழுக்காடு, வெள்ளையர் 40.9 விழுக்காடு. எவரும் பாதியைத் தாண்டாத நகரம்! ‘வராதே’ என்று விளம்பரம் கொடுத்த ஊர், பின்னாளில் அதே மக்களின் விழா விளக்குகளைக் காட்டிப் பெருமை பேசிற்று.

ஆனால், தோழர்களே, விளக்கும் விருந்தும் அல்ல அவர்கள் தந்த பெரும்பேறு. 1965-ல் பிரிட்டன் தன் முதல் இன உறவுச் சட்டத்தை இயற்றியது. பொது இடத்தில் நிறம் பார்த்து மறுப்பது சட்டத்திற்குப் புறம்பு ஆயிற்று. 1968-ல் வீட்டுக்கும் வேலைக்கும் அது விரிந்தது. 1976-ல் மறைமுகமாக ஒதுக்கிவைப்பதும் குற்றமெனப்பட்டது. 2010-ல் சமத்துவச் சட்டம் வந்தது. இனம் மட்டுமா? பால், வயது, உடற்குறை, மதம் – எதனாலும் ஒருவரை ஒதுக்கலாகாது என்று அது கூறுகிறது. மதநம்பிக்கை இல்லாதவருக்கும் அதே பாதுகாப்பை அது அளிக்கிறது என்பது பகுத்தறிவாளர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. பிரிஸ்டல் தெருவில் நடந்த கால்கள் வகுத்த பாதையில்தான் இந்தச் சட்டங்கள் வந்தன. வந்தவர் கேட்டது தமக்கு மட்டுமான சலுகை அன்று. அவர்கள் பெற்றுத் தந்தது அந்நாட்டில் பிறந்த வெள்ளைப் பெண்ணுக்கும் முதியவர்க்கும் கைகால் ஊனமுற்றவர்க்கும் நிழல் தரும் மரம்.

1976-ல் இலண்டன் வில்லஸ்டன் பகுதியில் கிரன்விக் என்னும் நிழற்பட ஆலையில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. தலைமை தாங்கியவர் ஜெயாபென் தேசாய். சேலை உடுத்திய சிறிய உருவம். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறியவர். அவருக்காகச் சுரங்கத் தொழிலாளர் வந்தனர், அஞ்சல் ஊழியர் அந்த ஆலையின் தபாலைத் தொட மறுத்தனர். 1968-ல் பவலுக்காக நடந்த துறைமுகத் தொழிலாளரின் கூட்டத்திலிருந்தும் 1977-ல் ஜெயாபென் பக்கம் நிற்க ஆள் வந்தனர்! வேலைநிறுத்தம் 1978-ல் தோல்வியில் முடிந்தது. ஆனால் ஒன்பதே ஆண்டுகளில் உழைப்பாளியின் கண் திறந்தது. பல பண்பாட்டுச் சமுதாயம் என்பது அந்த வாயிலில்தான் பிறந்தது. அரண்மனை விருந்தில் அன்று.

விருந்தை மட்டும் நம்புவோருக்கு ஒரு செய்தி. 2001-ல் அயலுறவு அமைச்சர் ராபின் குக், ‘சிக்கன் டிக்கா மசாலா’வைப் பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்று போற்றினார். கைதட்டினர். ஆனால் 2012 முதல் அதே நாட்டு அரசு, சட்டப்படி தாள் இல்லாதவர்க்கு வாழ்க்கையே இயலாதபடி செய்யும் கொள்கையைக் கைக்கொண்டது. விண்ட்ரஷ் தலைமுறையினர் வந்திறங்கிய காலத்துப் பதிவுச் சீட்டுகள் 2010-லேயே அழிக்கப்பட்டிருந்தன. சிறு பிள்ளைகளாக வந்து, ஐம்பது ஆண்டு உழைத்து, வரி கட்டி, நரைத்தவர்களிடம் “நீ யார்?” என்று கேட்டது அரசு. வேலை போயிற்று, சிலர்க்கு மருத்துவம் மறுக்கப்பட்டது, 83 பேராவது நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். 2018-ல் உண்மை வெளிப்பட்டது. உள்துறை அமைச்சர் பதவி விலகினார், பிரதமர் மன்னிப்புக் கேட்டார். சமைத்த உணவு தேசிய உணவு. சமைத்தவன் மட்டும் அயலான்! உரிமை இல்லாத பண்பாட்டுப் புகழ்ச்சி, ஊதியம் இல்லாத பாராட்டுப் பத்திரம் போன்றது. வயிறு நிறையாது.

பெட்டிக்குள் வந்த நோய்

இதுவரை எழுதியதைப் படித்துத் தலையசைத்தவர்களுக்கு இனித்தான் கேள்வி. நிறச் சுவரை இடிக்கப் போராடிய அந்த மக்களோடு கப்பலேறியும் விமானமேறியும் இன்னொரு சுவர் போய்ச் சேர்ந்ததே, அதை என்ன செய்வது?

சாதியைத்தான் சொல்கிறோம். 1916-ல், கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவராக இருந்த அம்பேத்கர் தம் ஆய்வுரையிலேயே எடுத்துக்காட்டினார், இந்துக்கள் உலகின் பிற பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தால் சாதியும் உலகச் சிக்கலாகிவிடும் என்னும் எச்சரிக்கையை. நூறாண்டில் அது மெய்யாயிற்று. சாதியை மறுத்த நெறி சீக்கியம். ஆனால் பிரிட்டனில் சாதிப் பெயர் தாங்கிய குருத்துவாராக்கள் எழுந்தன. இரவிதாசியர் தமக்கெனத் தனி வழிபாட்டிடம் கட்டிக்கொள்ள நேர்ந்தது. 2010-ல் அந்நாட்டின் தேசியப் பொருளாதார, சமூக ஆராய்ச்சி நிறுவனம் அரசுக்காக ஆய்வு செய்து, வேலையிடத்திலும் கல்வியிடத்திலும் சாதி வேற்றுமை தலைகாட்டுவதற்குச் சான்றுகள் உண்டு என்று அறிக்கை தந்தது.

ஒரு வழக்கைச் சொல்கிறோம். பீகாரைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஒருவர். பிரிட்டனில் ஓர் இந்தியக் குடும்பத்தில் வீட்டு வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நாளுக்குப் பதினெட்டு மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும் வேலை. படுக்கை, தரையில் விரித்த ஒரு நுரைமெத்தை. நான்கரை ஆண்டுகள்! 2015-ல் தொழில் தீர்ப்பாயம், அவருக்குச் சேரவேண்டிய ஊதிய நிலுவையாக 1,83,773 பவுன் கொடுக்கவேண்டும் என்றது. அதற்கு முன்னரே 2014-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், சாதியின் பேரால் இழைக்கப்படும் தீங்கும் இன வழித்தோற்றம் என்னும் பிரிவின்கீழ் வரக்கூடும் என்று கூறியிருந்தது. நிறத்தால் தாழ்த்தப்பட்ட ஒரு சமுதாயத்தின் வீட்டுக்குள், பிறப்பால் தாழ்த்தப்பட்ட ஒரு பெண்! வாயிலுக்கு வெளியே, எங்களைச் சமமாக நடத்து என்று முழக்கம். வாயிலுக்கு உள்ளே நுரைமெத்தை!

2013-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம், சாதியையும் இனத்தின் ஒரு கூறாகச் சமத்துவச் சட்டத்தில் சேர்க்கவேண்டும் என்று அரசுக்குக் கடமை விதித்தது. அரசு காலம் கடத்தியது. கருத்துக் கேட்டது. 2018 ஜூலையில், தனிச் சட்டம் தேவையில்லை, நீதிமன்றத் தீர்ப்பு போதும் என்று கைகழுவிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்குள்ள சில இந்து அமைப்புகள் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பெருமுயற்சி செய்தன. சாதி என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதினால் எங்கள் சமுதாயத்திற்குக் களங்கமாம்! எங்கள் பண்பாட்டை அயலார் அறியாராம்!

அருமையான வாதம்! குப்பை வீட்டில் இருப்பது களங்கமில்லை. குப்பை என்று சொல்வதுதான் களங்கம்! நாம் கேட்கிறோம்: நிறத்தடையை எதிர்த்துச் சட்டம் வந்தபோது, அது வெள்ளையர் சமுதாயத்திற்குக் களங்கம் என்று நீங்கள் கண்ணீர் விட்டீர்களா? வெள்ளைக் கம்பெனி எங்கள் வழக்கம் இது என்றபோது, அது அவர்கள் பண்பாடு, போகட்டும் என்று வீட்டுக்குத் திரும்பினீர்களா? பிரிஸ்டலில் கரீபியன் மக்கள் நடந்து நடந்து திறந்துவிட்ட கதவின் வழியே உள்ளே போனோமே, போன கையோடு நமக்குப் பின்னால் வரும் தாழ்த்தப்பட்டவன் முகத்தில் அந்தக் கதவைச் சாத்துவது எந்த அறம்? கடன் பட்டவன் செய்யும் காரியமா இது?

பண்பாடு என்னும் போர்வைக்குள் இன்னும் என்னென்ன ஒளிகின்றன என்பதைச் சவுத்தால் பெண்கள் உலகுக்குக் காட்டினர். 1979-ல் அங்கே ‘சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்’ என்னும் பெண்கள் அமைப்பு தோன்றிற்று. வெளியே நிறவெறி, வீட்டினுள்ளே அடி உதை – இரண்டையும் ஒருசேர எதிர்த்தனர். இனத்தின் மானத்தைக் காற்றில் விடாதீர் என்று தங்கள் சமுதாயத்துப் பெரியவர்கள் அதட்டியபோது, அடிபட்ட பெண்ணின் முதுகுக்கு மானம் இல்லையா என்று எதிர்த்து நின்றனர். பல்லாண்டுக் கொடுமை தாளாது கணவனைத் தீயிட்டுக் கொன்றதற்காக வாழ்நாள் தண்டனை பெற்ற ஒரு பெண், அவர்களின் கிளர்ச்சியால் 1992-ல் விடுதலை அடைந்தார். நீண்ட காலக் கொடுமை ஒரு பெண்ணின் மனத்தை எப்படிச் சிதைக்கிறது என்பதை நீதிமன்றங்கள் எண்ணிப்பார்க்க அவ்வழக்கு வழிவகுத்தது. பல பண்பாட்டுச் சமுதாயம் என்பது ஒவ்வொரு சமுதாயத்தின் கிழவர் கையிலும் ஒரு சாட்டையைக் கொடுப்பதன்று என்று அந்தப் பெண்கள் நிலைநாட்டினர்.

மதப்பகையும் மூட்டை கட்டிக்கொண்டு போகும். நாம் பாராட்டிய அதே லெஸ்டர் நகரில், 2022 ஆகஸ்டு இறுதியில் இந்திய-பாகிஸ்தான் கிரிக்கெட் ஆட்டத்தை ஒட்டிக் கிளம்பிய பூசல், செப்டம்பரில் இந்து இளைஞரும் முஸ்லிம் இளைஞரும் தெருவில் மோதும் அளவிற்கு முற்றியது. கெடு விதித்த கொடுங்கோலனிடமிருந்து மதம் பாராமல் தப்பிவந்தோர் குடியேறிய நகரமன்றோ அது!

உரைகல் எது?

“இப்படியெல்லாம் எழுதினால் நிறவெறியன் கையில் தடியெடுத்துக் கொடுப்பதாகாதா?” என்று நல்லெண்ணம் கொண்டோர் சிலர் கேட்பர். ஆகாது. நிறவெறியன், வந்தவனை வெளியேற்று என்கிறான். நாம், வந்தவனிடையே உள்ள தாழ்த்தப்பட்டவனுக்கும் உரிமை கொடு என்கிறோம். அவன் பிறப்பைப் பார்த்து மனிதனை அளக்கிறான். நாம் அந்த அளவுகோலையே முறிக்கச் சொல்கிறோம். சாதியை மூடி மறைப்பவர்தாம் உண்மையில் அவனுக்குத் துணை. ஏனெனில் பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டு என்பதில் இருவர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை!

“அப்படியானால் குடியேறியவன் தன் பண்பாடு முழுவதையும் துறந்து வெள்ளையனாகிவிட வேண்டுமா?” என்பது அடுத்த கேள்வி. வேண்டாம். தாய்மொழி பேசட்டும், பிள்ளைக்குக் கற்பிக்கட்டும். பறை முழங்கட்டும், பாட்டு ஒலிக்கட்டும். பவலின் சொந்தத் தொகுதி அமைந்த உல்வர்ஹாம்டன் நகரில், பேருந்து ஊழியரான சீக்கியர் தலைப்பாகை அணியலாகாது என்ற தடையை எதிர்த்துப் போராடி 1969-ல் வென்றனர். நமக்குத் தலைப்பாகையில் புனிதம் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒருவன் தலையில் எது இருக்கவேண்டும் என்று முடிவு செய்ய முதலாளிக்கு என்ன உரிமை என்பதே அங்கு எழுந்த கேள்வி. அதில் நாம் சீக்கியர் பக்கம்.

உரைகல் எளியது. ஒரு பழக்கம், விரும்பி ஏற்பவனை மட்டும் சேர்ந்ததா? இருக்கட்டும். அது இன்னொருவரைப் பிறப்பால் தாழ்த்துகிறதா, பெண்ணைப் பூட்டி வைக்கிறதா, மாற்றானைப் பகைக்கச் சொல்கிறதா? அதற்குப் பண்பாடு என்று பெயர் சூட்டாதீர். ஆதிக்கம் என்று சொல்லுங்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரமன்றம் இந்த உரைகல்லில் உரசிப் பார்த்துச் சாதி வேற்றுமையைத் தடைசெய்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். அதே ஆண்டில் கலிபோர்னியாச் சட்டமன்றம் நிறைவேற்றிய சாதி எதிர்ப்பு மசோதாவை அம்மாநில ஆளுநர் தடுத்து நிறுத்தினார். போர் முடியவில்லை, களம் மட்டும் பெரிதாகியிருக்கிறது.

நமக்கு நாமே

பவலின் குரலுக்கு மொழி ஒன்றல்ல. அது தமிழிலும் பேசும்; பேசிக்கொண்டும் இருக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஊரில் செங்கல் சுமப்பவனை, நம் உணவு விடுதியில் தட்டுக் கழுவுபவனை ‘வடக்கன்’ என்று இளைஞர் சிலர் ஏளனம் செய்வதைக் கேட்கிறோம். அவர்களுள் சிலர், தாம் திராவிட இயக்கத்தின் வாரிசு என்றும் சொல்லிக்கொள்கின்றனர்! நாம் எதிர்த்தது ஆதிக்கத்தை, ஆளை அன்று. இந்தித் திணிப்பை எதிர்த்தோம். இந்தி பேசும் கொத்தனாரை அன்று. டெல்லி அதிகாரத்தையும் சித்தாள் பெண்ணின் தலைச்சுமையையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பவன் பகுத்தறிவாளனா? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்ச் செய்தி பரப்பினர் சிலர். அது பொய் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னோம். நாளையும் அப்படிச் சொல்ல வேண்டுமானால், நாவை அடக்கியாகவேண்டும்.

நாடற்றவராக்கப்படுவது எவ்வளவு கொடிது என்பதைத் தமிழனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. விண்ட்ரஷ் கப்பல் கரைசேர்ந்த அதே 1948-ல்தான், இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத்துத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மலையைத் தோட்டமாக்கியவன் மலைக்கு அயலானான்! அந்தத் தழும்பைச் சுமப்பவன், இன்னொரு ஏழைத் தொழிலாளியைப் பார்த்து ‘உன் ஊருக்குப் போ’ என்று சொல்வானா?

வெளிநாடு செல்லும் இளைஞர்க்கும் ஒரு சொல். படிப்புக்கும் பணிக்கும் கடல் கடந்து போகிறீர்கள், போங்கள், வெல்லுங்கள். விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்துப் பார்க்கிறார்கள், எடை மிகுந்தால் இறக்கிவைக்கச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் ஊறுகாய்ப் புட்டியை எடுத்து வெளியே வைக்கவேண்டாம். அது உங்கள் தாய் தந்தது. இறக்கிவைக்க வேண்டியது சாதி! அங்கே சென்று தமிழ்ச் சங்கம் அமையுங்கள். சாதிச் சங்கம் அமைக்காதீர்கள். மணமக்கள் தேடும் விளம்பரத்தில் குலமும் பிரிவும் கேட்காதீர்கள். நிறத்தின் பேரால் உங்களை எவனாவது இகழ்ந்தால் எதிர்த்து நில்லுங்கள். நிற்கும்போது, உங்களுக்குப் பக்கத்தில் சேரியில் பிறந்த தோழனும் சமமாக நிற்கிறானா என்று திரும்பிப் பாருங்கள்.

குடியேற்றத்தால் நாடு கெட்டதில்லை. ஓர் இனம் மட்டுமே வாழ்ந்தால் சமுதாயம் செழிக்கும் என்பது ஆதிக்கக்காரன் கட்டிய கதை. பல மொழியும் பல வண்ணமும் பல வழக்கும் ஒரே தெருவில் வாழலாம், வாழ்ந்து காட்டியிருக்கின்றன. ஆனால் அந்தத் தெருவில் மேல் வீடு, கீழ் வீடு என்பது இருத்தல் ஆகாது. நிறத்தால் ஒரு சுவர் எழுந்தால் அதையும், சாதியால் ஒரு சுவர் எழுந்தால் அதையும் இடிக்கும் கடப்பாரை ஒன்றுதான். அதன் பெயர் சமத்துவம். ஒரு சுவரை இடித்துவிட்டு மறு சுவரின் நிழலில் இளைப்பாறுவோர்க்கு அந்தக் கடப்பாரையைத் தொடும் தகுதி இல்லை.

தோழர்களே, எடுங்கள் கடப்பாரையை! முதல் இடி, நம் வீட்டுச் சுவரில் விழட்டும்!